அம்சத்தின் வாயில் முத்து

மேலக்கொத்தங்குடியில் அம்சம் வீடு எது என்று கேட்டால் எந்த அம்சம் என்பார்கள். வாய்க்காரி அம்சம் என்று கேட்டால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். பாபநாசத்திலிருந்து தெற்கே டவுன் பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் வருகிற ஊர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும். இருபத்திரண்டு பெண்கள் அவள் செட்டு. விடியற்காலையில் தெருமுனையில் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால், கடைசி வீட்டில் சுருண்டு கிடப்பவளும் கொண்டையை முடிந்துகொண்டு ஓடி வருவாள். புளித்துப் பொங்கிய மோரை வயலுக்குக் கொடுத்தனுப்பிய ஒரு பெரிய பண்ணைக்காரரிடம், தூக்குவாளியை அப்படியே நீட்டி, "மொதல்ல நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க, நாங்க அப்பறம் குடிக்கிறோம்" என்று சொன்னவள் அவள். அந்த மனிதர் குடிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து மோர் ஒழுங்காக வந்தது.

நாற்பத்தெட்டு வயதில் அவளிடம் நிலம் கிடையாது, நகை கிடையாது. வாய் இருந்தது. அந்த வாயை வைத்துத்தான் மகன் குணசேகரனைப் படிக்க வைத்து கத்தாருக்கு அனுப்பினாள், கல்நார் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டாள். அந்த வாய்க்கு ஊரார் கூடி என்ன செய்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தை அறுவடையின்போது அவள் புருஷன் முருகையன் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் மேலிருந்து விழுந்தான். இடுப்பு எலும்பு முறிந்துபோனது. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். உள்ளே கம்பி வைத்துக்கொண்டிருந்தபோது வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்சம், "மாரியாத்தா, இவரு எந்திரிச்சு நடந்துட்டா நாக்குல அலகு போட்டுக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டாள். கன்னத்தில் போட்டிருக்கலாம், முதுகில் போட்டிருக்கலாம். தன்னிடம் இருப்பதிலேயே எது உசத்தியோ அதைத்தானே சாமிக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள்.

சித்திரையில் முருகையன் எழுந்து நடந்தான். டாக்டர் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ஆத்தாளின் பெயர்தான் தெருவெல்லாம் கேட்டது.

வைகாசியில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். முருகையனின் அண்ணன் மதிவாணன்தான் கோயில் நாட்டாமை. அலகு குத்துவதும் அவர்தான், முப்பது வருஷமாக. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, யாரையும் அதட்டாத குரல். அவர் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு, "இனிமே அலகு எடுக்கிற வரைக்கும் இந்தக் கையால இங்கிலீஷ் மாத்திரையத் தொடக் கூடாதும்மா" என்றார். அம்சத்துக்கு நான்கு வருஷமாகச் சர்க்கரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று விழுங்கிக்கொண்டிருந்தவள். பத்துப் பதின்மூன்று நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று அவளே மாத்திரை டப்பாவை எடுத்து அலமாரிக்கு மேல் வைத்தாள். அதை யாரும் அவள் கையைப் பிடித்துச் செய்யவில்லை. பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவள் முதலில் திட்டித் தீர்த்தது தன்னைத்தான்.

விரதச் சாப்பாடு என்பது ஒரு வேளைப் பச்சரிசிச் சோறு. மற்ற வேளையெல்லாம் பானகம், இளநீர், வாழைப்பழம். சர்க்கரைக்காரி வெல்லத்தைக் கரைத்துக் கரைத்துக் குடித்தாள்.

பத்தாம் நாள் வாய்க்கால் கரையில் அலகு. முப்பத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். ஒரே பித்தளைச் சொம்பில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர். ஒரே ஊசியை ஒவ்வொருவருக்கும் துளை போட்டபின் அதில் முக்கி எடுத்தார் மதிவாணன். துளையில் வெள்ளி வேலைச் செருகினார். பத்தொன்பதாவது ஆளாக அம்சம் வந்தபோது தண்ணீர் திருநீறும் ரத்தமும் கலந்து கழனித் தண்ணீராகியிருந்தது. அவர் விரலால் அவள் நாக்கை இழுத்துப் பிடித்தார். குலவைச் சத்தம் எழுந்தது. வலிக்கவில்லை என்று அவள் பின்னால் கையாட்டிச் சொன்னாள். உண்மையில் வலித்தது. ஆனாலும் அன்றைக்கு அவளுக்குப் பெருமைதான். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

மற்ற ஊர்களில் கோயிலுக்குள் போனதும் வேலை உருவிவிடுவார்கள். இந்த ஊரில் கொடி இறக்குகிற வரைக்கும் மூன்று நாள் எடுக்கக் கூடாது. மூன்று நாளும் நாக்கை நீட்டியபடியே, எச்சில் வழிய, கடைவாயில் ஊற்றிய பானகத்தை விழுங்கிக்கொண்டு கிடந்தாள். வேலை எடுத்தபோது துளையில் ஒரு சிட்டிகை திருநீறை வைத்து அமுக்கினார் மதிவாணன். "இதுக்கு மேல மருந்து வேணுமா?" என்று சிரித்தார்.

வேலை எடுத்த இரண்டாம் நாள் காலையில் வாய் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தாள். நாக்கு முழுக்க, கன்னத்தின் உட்புறமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. தண்ணீர் விழுங்கினால் தொண்டையில் மிளகாய் அரைத்துத் தடவியதுபோல் இருந்தது. நாக்கு வீங்கி, பேச வாயெடுத்தால் ஊமைச் சத்தம்தான் வந்தது. அவள் முருகையனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் பார்த்தான், வெளிறிப்போனான், அண்ணனிடம் ஓடினான். தனக்காக நாக்கைக் குத்திக்கொண்டவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டியவன், நேராகக் குத்தினவரிடம் போய் நின்றான்.

மதிவாணன் வந்து ஃபோன் வெளிச்சத்தில் அவள் வாய்க்குள் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"முத்துடா. ஆத்தா முத்துப் போட்டுட்டாடா தம்பி. வெளியில போட்டாப் பாக்கிறவன் பயப்படுவான்னு வாய்க்குள்ளயே போட்டுட்டா."

அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால்கூட ஆத்திரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் நிலைப்படியில் வேப்பிலை ஏறியது. வீட்டில் அம்மை போட்டால் என்னென்ன உண்டோ அத்தனையும் வந்து இறங்கியது. அடுப்பில் தாளிக்கக் கூடாது. குளிக்காதவர்கள் உள்ளே வரக் கூடாது. வெளியூர்க்காரன் வாசல் மிதிக்கக் கூடாது. தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அவள் வீட்டை விட்டுப் படி இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, மருந்து கூடவே கூடாது. ஆத்தா இறங்கியிருக்கிற உடம்பில் மருந்து பட்டால் குடும்பத்துக்கே ஆகாது என்றார் மதிவாணன். உடம்புச் சூடு தணிய வேளைக்கு ஒரு சொம்பு பானகம் கொடுக்கச் சொன்னார். தெருவே போட்டி போட்டுக்கொண்டு வெல்லம் கரைத்தது.

கூடத்தில் வாழையிலை விரித்து, மஞ்சள் புடவை கட்டி, அவளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். வந்தவர்களெல்லாம் காலில் விழுந்தார்கள். போன வருஷம் இவள் வாய்க்குப் பயந்து தெருவை மாற்றிப் போனவர்கள்கூட வந்து, "வாயத் தொறந்து காட்டு தாயே" என்று கேட்டார்கள். பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். 'எந்திரிச்சுப் போங்கடி' என்று சொல்ல அவளுக்கு நாக்கு இல்லை. அவள் கையை ஓங்கினாள். ஆசீர்வாதம் என்று தலையைக் குனிந்தார்கள்.

வேப்பிலை செருகிய மூன்றாம் நாள் ஈஸ்வரி வந்தாள். செட்டில் அம்சத்துக்கு அடுத்தபடி அவள்தான். மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவு தொடங்க வேண்டும். ஒரு பிடி நாற்றை அம்சத்தின் காலடியில் வைத்து, "நீதாக்கா உத்தரவு குடுக்கணும்" என்று விழுந்து கும்பிட்டாள். அம்சம் நாற்றைப் பார்த்தாள். முற்றிப்போய், நுனி பழுத்து, பறித்து மூன்று நாளாகியிருந்தது. இதை நட்டால் பயிர் எப்படி எழும்பும்? மற்ற நாளாக இருந்தால் ஈஸ்வரியின் ஏழு தலைமுறையும் தெருவில் உருண்டிருக்கும். அம்சம் நாற்றைக் காலால் தள்ளினாள். ஈஸ்வரி பயபக்தியோடு அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அந்த நாற்றைத்தான் நட்டார்கள்.

கத்தாரிலிருந்து குணசேகரன் வீடியோவில் வந்தான். பெற்ற பிள்ளையாவது புரிந்துகொள்வான் என்று அவள் வாயைத் திறந்து தொண்டையைக் காட்டி, கையால் ஊசி போடுவதுபோல் செய்துகாட்டினாள். அவன் பின்னால் நின்ற நாலு பையன்களையும் கூப்பிட்டு, "எங்கம்மாடா" என்று காட்டி, அங்கிருந்தே கைகூப்பினான்.

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்த நேரத்தில் அம்சம் நாட்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் 'என்னை ஆஸ்பத்திரிக்கு கூட்டிகிட்டு போ' என்று எழுதி முருகையன் கையில் கொடுத்தாள். அவன் படித்தான். இரண்டு தடவை படித்தான். பிறகு தாளை நாலாக மடித்து மாரியம்மன் படத்துக்குக் கீழே வைத்து, சூடம் ஏற்றினான்.

அம்சத்துக்கு அந்தச் சூடத்தைப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைக்க வேண்டும்போல் இருந்தது. 'ஒன் இடுப்பு ஒடஞ்சப்ப எந்தப் படத்துக்கு அடியில சீட்டு வச்சோம்? தூக்கிக்கிட்டு ஓடலியா? அண்ணன்தானே ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டாரு? அன்னைக்கு மருந்து ஆகாதுன்னு ஒருத்தன் வாயத் தொறந்தானா? ஆம்பள இடுப்புக்குத் தஞ்சாவூரு, பொம்பள வாய்க்கு வேப்பிலையா?' கேள்வியெல்லாம் நெஞ்சுக்குள்ளேயே முட்டிக்கொண்டு நின்றது. ஒரு வாழ்நாள் முழுக்க எதையும் உள்ளே வைத்துக்கொண்டு பழகாதவள். அந்த நாலைந்து நாளில் நோயைவிட அதுதான் அவளை அதிகம் அரித்தது.

மறுநாள் மத்தியானம் ஹமீதா பானு வந்தாள். பள்ளிவாசல் தெருப் பெண். மாதத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பவள். வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுகொண்டாள். படி ஏறவில்லை. ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, மாத்திர போடுறீங்களா?"

அம்சம் இல்லையென்று தலையாட்டினாள்.

"எத்தன நாளா?"

அம்சம் இரண்டு கை விரலையும் விரித்துக் காட்டினாள். மறுபடியும் விரித்தாள். ஹமீதா பானு வாயில் கை வைத்தாள். ஃபோன் வெளிச்சத்தை ஜன்னல் கம்பிக்குள் நீட்டி, "வாயத் தொறங்க" என்றாள். நாலு நாளில் அவளை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கும்பிடாமல் பார்த்த முதல் ஆள்.

"அக்கா, இது பூஞ்சக்கா. சக்கர எக்கச்சக்கமா ஏறியிருக்கும். எங்க மாமாவுக்கு இதேதான் வந்துச்சு. தொண்டக்குள்ள எறங்கிருச்சுன்னா தண்ணிகூட முழுங்க முடியாது." பையிலிருந்து சர்க்கரை பார்க்கிற மிஷினை எடுத்தாள். "வெரல நீட்டுங்க. ஒரு சொட்டு ரத்தம் போதும்."

அதற்குள் மதிவாணன் வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போடுவதில்லை.

"வேணாம்மா. ஆத்தா எறங்கியிருக்கிற ஒடம்பு. ஊசி குத்தக் கூடாது."

சொன்னது யார்? முப்பத்தொரு நாக்கிலும் கன்னத்திலும் ஒரே ஊசியால் குத்தினவர். அம்சம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உறுமினாள். மதிவாணன் அதற்கும் கைகூப்பினார்.

"மாமா, நான் ஒங்க சாமி விசயத்துல தலையிடல," என்றாள் ஹமீதா பானு. "சக்கரைக்கு யாரு என்னன்னு தெரியாது மாமா. வெல்லத் தண்ணியாச்சும் நிறுத்துங்க."

"நீ போம்மா. இதெல்லாம் ஒனக்குத் தெரியாது."

அவள் பையை மாட்டிக்கொண்டாள். போகிறபோது மதிவாணனைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "நாளைக்குப் பதினொரு மணி வரைக்கும் டாக்டரம்மா ஹெல்த் சென்டர்ல இருப்பாங்க. அதுக்குள்ள வரணும். அதுக்கு மேல தாங்காது."

அன்று ராத்திரி அம்சத்தால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாளைக்குப் போகாவிட்டால் தான் இந்த வாழையிலையிலேயே செத்துப்போவோம், செத்தபிறகு இங்கேயே ஒரு கல்லை நட்டுப் பொங்கல் வைப்பார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அப்படிக் கல்லாக நிற்பதை நினைத்தபோது அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதுதான் அவளை மறுநாள் எழுப்பியது.

காலை ஒன்பதரை மணி. கூடம் நிறைய ஆட்கள். அம்சம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நிலைப்படியில் செருகியிருந்த வேப்பங்கொத்தை உருவினாள். படி இறங்கினாள்.

மதிவாணன் குறுக்கே வந்து, "தாயி, படி தாண்டக் கூடாது" என்றார். அம்சம் வேப்பங்கொத்தை ஓங்கி அவர் தலையில் ஒரு போடு போட்டாள். இலை உதிர்ந்தது. முப்பது வருஷப் பழக்கம், அவர் அப்படியே கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அடித்தாளா, ஆசீர்வாதம் செய்தாளா என்று அவருக்குப் பிடிபடுவதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

யார் தடுப்பது? இவள் அம்சம் இல்லை, ஆத்தா என்று ஊர் முழுக்கச் சொன்னவர் அவர்தானே. ஆத்தாளின் கையைப் பிடித்து இழுக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? "ஆத்தா கெளம்பிட்டா" என்று ஒருத்தி கத்தினாள். இரண்டு பேர் மேளக்காரர்களைக் கூட்டிவர ஓடினார்கள். வாசலுக்கு வாசல் குடத்தோடு வந்து அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வாய்க்கால் பாலத்தில் மேளம் வந்து சேர்ந்துகொண்டது. எல்லைக் கோயிலுக்குப் போகிறாள் என்றார்கள். எல்லைக் கோயில் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய கோயிலுக்குப் போகிறாள் என்றார்கள். அந்தப் பாதையிலும் அவள் திரும்பவில்லை.

இரண்டு கிலோமீட்டர். கால் பின்னியது. இரண்டு தடவை வரப்போரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோதெல்லாம் சூடம் ஏற்றினார்கள், ஒருவரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. முருகையன் கூட்டத்தோடு கூட்டமாகத் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். கம்பி வைத்த இடுப்போடு நன்றாகவே நடந்தான்.

ஹெல்த் சென்டர் கேட்டுக்குள் அவள் நுழைந்ததும் மேளம் தடுமாறி நின்றது. உள்ளே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் மஞ்சள் புடவையையும் வேப்பிலையையும் பார்த்து எழுந்து வழிவிட்டார்கள். அம்சம் டாக்டரம்மா முன்னால் போய் ஸ்டூலில் விழுந்தாள், வாயைத் திறந்தாள்.

சின்னப் பெண். அவளும் கும்பிடவில்லை. ஒரு மரக்குச்சியால் நாக்கை வழித்தாள். வெள்ளை ஆடை பெயர்ந்து வந்தது. அடியில் சதை சிவந்து ரத்தம் கசிந்தது. அலகு போட்ட துளையில் சீழ். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை நானூற்று எண்பத்தாறு.

"எத்தன நாளா இப்படி இருக்கு? கூட யாரு வந்திருக்கிறது?"

ஜன்னலுக்கு வெளியே மொத்த ஊரும் நின்றது. டாக்டரம்மா வழித்தெடுத்ததைப் பஞ்சோடு தூக்கி ஜன்னல் வழியாகக் காட்டினாள். கோபத்தில் அவள் குரல் உடைந்தது.

"இதையா கும்பிட்டீங்க? இது பூஞ்சை. ஊறுகா ஜாடியில பூக்குமே, அதுக்கு ஒறவு. வாய் காஞ்சு கெடக்கு, புண்ணு ஆறல, சர்க்கரை ஏறியிருக்கு, போதாக்கொறைக்கு வெல்லம். நல்லா வளத்து விட்டிருக்கீங்க. இன்னும் ரெண்டு நாள் வச்சிருந்தா பொணத்தத்தான் கொண்டாந்திருப்பீங்க."

மேளக்காரன் மெதுவாகக் குச்சியை இடுப்பில் செருகினான். ஆம்புலன்ஸ் வந்தது.

தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். இன்சுலின், வாய்க்குள் தடவுகிற மருந்து, பூஞ்சைக்கு மாத்திரை. நாலாம் நாள் தண்ணீர் இறங்கியது. ஆறாம் நாள் கஞ்சி. ஏழாம் நாள் மதிவாணன் திருநீற்றுத் தட்டோடு வந்தார். அன்றைக்கு ஹமீதா பானுவும் அவளைப் பார்க்க வந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"மூணாம் தண்ணி ஊத்தாம வந்துட்ட," என்று அவர் வருத்தமாகச் சொன்னார். "ஆத்தா மனசு கோணிப்போச்சு. வந்து ஒரு பொங்கல் வச்சிடணும்மா." குனிந்து அவள் நெற்றியில் திருநீறு பூசினார்.

ஹமீதா பானு எழுந்து இடம் விட்டாள். "ஒக்காருங்க மாமா. ஒங்க சக்கர மாத்திரய மாமிகிட்ட குடுத்துட்டேன். போன மாசத்து அட்ட காலியாயிடுச்சுன்னு வாங்கிக்கிட்டாங்க." அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. வேலை நினைப்பில் சொன்னாள்.

அம்சம் தலையைத் திருப்பினாள். மாதத்து மாத்திரை காலியானது என்றால் ஒரு நாள்கூட விடவில்லை என்று அர்த்தம். பதினைந்து நாளாகப் பேசாத நாக்கை அவள் மெல்ல நகர்த்திப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"மாமா. காப்பு... கட்டுன நாளெல்லாம்... மாத்திர... போட்டீங்களா?"

மதிவாணன் தட்டைப் பார்த்தார். "நான் குத்துறவன்மா. எனக்கு விரதம் வேற."

வார்டில் நாற்பது கட்டில். நாற்பதிலும் தலை தூக்கிப் பார்த்தார்கள். "குத்துறவனுக்கு மாத்திர! குத்திக்கிறவளுக்கு வெல்லத் தண்ணியா?" என்று அவள் போட்ட சத்தம் வராந்தா கடந்து மாடிப்படி வரைக்கும் கேட்டது. "நான் சாவணும், நீங்க வந்து கல்லு நடணும்! வெளில போங்க! போங்கங்கிறேன்!" நாக்கில் ரத்தம் வந்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்து அவளைத் திட்டினாள். மதிவாணன் தட்டைத் துண்டால் மூடிக்கொண்டு போனார். அம்சம் மூச்சிரைக்கப் படுத்துக்கொண்டு, நெற்றித் திருநீற்றைப் போர்வையால் துடைத்தாள். அழுகை வந்தது. கோபம் தீர்ந்த அழுகையில்லை, இன்னும் பாதிகூடச் சொல்லவில்லையே என்கிற அழுகை.

முருகையனைப் பற்றிக் குறை சொல்ல முடியாது என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். பன்னிரண்டு நாளும் கூடவே கிடந்தான். புடவை துவைத்தான், கஞ்சி ஆற்றிக் கொடுத்தான், ராத்திரியில் வராந்தாவில் பேப்பர் விரித்துப் படுத்தான். டிஸ்சார்ஜ் அன்று காலையில் பையைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல், கண் கலங்கச் சொன்னான்: "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா நான் தூக்கிக்கிட்டு ஓடியாந்திருப்பேன்ல?"

அம்சம் அவனையே பார்த்தாள். மதிவாணன் மேல் வந்த கோபத்தைக் கத்தித் தீர்க்க முடிந்தது. இதற்குச் சத்தம் வரவில்லை. இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்தவன் இதை நிஜமாகவே நம்பிக்கொண்டு நிற்கிறான்.

நர்ஸ் சர்க்கரை அட்டை எழுத உட்கார்ந்தாள். பெயர், வயது, ஊர், எத்தனை யூனிட் ஊசி எல்லாம் எழுதினாள். "சர்க்கரை திடீர்னு ஏறுச்சு, எறங்குச்சு, மயக்கமாயிட்டீங்கன்னா யாருக்கும்மா சொல்றது? ஃபோன் நம்பர் சொல்லுங்க."

முருகையன் முன்னால் வந்து தன் நம்பரைச் சொல்லத் தொடங்கினான். நர்ஸ் ஐந்து எண் எழுதிவிட்டாள்.

"அத அடிச்சிடுங்க," என்றாள் அம்சம்.

நர்ஸ் நிமிர்ந்தாள். "இவரு யாரு?"

"வீட்டுக்காரரு."

"அப்பறம் என்னம்மா? பக்கத்துல இருக்கிறவங்க நம்பர்தான் வேணும்."

"பக்கத்துலதான் இருந்தாரு," என்றாள் அம்சம். "நீங்க ஹமீதா பானுன்னு எழுதிக்குங்க."

முருகையன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. ஆறாத நாக்கால், நர்ஸுக்குத் தெளிவாகக் கேட்கிற மாதிரி, பத்து எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.